வாக்கி-டாக்கி வாங்கியாச்சு… பேச லைசன்ஸ் இருக்கா? ஹாம் ரேடியோ படிநிலைகளும் அலைவரிசை உரிமைகளும்

போன வருட டிசம்பர் விடுமுறையில் நண்பர்கள் ஆறு பேர் மேற்குத் தொடர்ச்சி மலையில் ட்ரெக்கிங் கிளம்பினோம். மேலே போனால் மொபைல் டவர் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் குழுவில் ஒருத்தன் ஆன்லைனில் ரெண்டு வாக்கி-டாக்கி ஆர்டர் போட்டுக் கொண்டு வந்திருந்தான். ஹெட்போன் விலைதான். டெலிவரியும் மறுநாளே.

மலை அடிவாரச் சோதனைச் சாவடியில் பைகளைப் பார்த்த வனக்காவலர் அந்த ரெண்டு கருவிகளையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுக்கு லைசன்ஸ் இருக்கா?"

"அண்ணா, இது சும்மா பொம்மை மாதிரி. ஆன்லைன்ல எல்லாரும் வாங்குறாங்க."

அவர் பதில் சொல்லவில்லை. கருவியை ஆன் செய்து, பட்டன்களை நாலு தட்டு தட்டினார். அடுத்த நொடி, அவர் இடுப்பில் இருந்த வயர்லெஸ்ஸில் கேட்ட அதே குரல் எங்கள் 'பொம்மை'யிலும் கேட்டது.

"பொம்மையில எங்க சேனல் வருதே தம்பி. நீங்க இந்தப் பட்டனை அமுக்கிப் பேசினா, மேல தீ விழுந்தப்போ எங்க ஆளு பேசுறது எனக்குக் கேக்காது. புரியுதா?"

புரிந்தது. கருவிகள் சாவடியிலேயே தங்கின. திரும்பி வரும்போது ஒரு எச்சரிக்கையோடு கையில் கொடுத்தார். அவர் கேட்ட கேள்வி மட்டும் கூடவே வந்துவிட்டது. லைசன்ஸ் என்றால் எந்த லைசன்ஸ்? யார் கொடுப்பது? அதை வைத்து எதில் பேசலாம், எதில் பேசக் கூடாது? அதைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதும், தெரிந்துகொண்ட பிறகு இந்த விஷயத்தில் என்ன மாற வேண்டும் என்று நினைக்கிறோம் என்பதும்தான் இந்தக் கட்டுரை.

கருவியால் முடியும், உங்களால் பேசலாமா?

இணையத்தில் கிடைக்கும் மலிவான கையடக்க ரேடியோக்களில் பெரும்பாலானவை 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையும், 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இன்னொரு நீண்ட பட்டையிலும் ஒலிபரப்பக் கூடியவை. இந்த இடைவெளிக்குள் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் தெரியுமா? கப்பல்களும் படகுகளும் ஆபத்தில் உதவி கேட்கும் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது மரைன் சேனல் 16, இதற்குள்தான் வருகிறது. காவல், வனம், தீயணைப்பு போன்ற துறைகளுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளும் இதில் உண்டு.

கருவிக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. நீங்கள் எந்த எண்ணைத் தட்டுகிறீர்களோ அங்கே பேசும். இந்தியாவில் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட ஒலிபரப்புக் கருவியை வைத்திருப்பதே 1933-ம் ஆண்டு வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்து குற்றம். பேசினால்தான் தப்பு என்று இல்லை.

விதிவிலக்கும் இருக்கிறது. 2018-ல் வந்த விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னப் பட்டையில், குறைந்த திறன் கொண்ட கருவிகளுக்கு லைசன்ஸ் தேவையில்லை. ட்ரெக்கிங், கல்யாண மண்டபம், குடியிருப்புக் காவல் மாதிரியான வேலைகளுக்கு இது போதும். ஆனால், எந்த அலைவரிசைக்கும் திருப்பிக்கொள்ளக்கூடிய, 5 வாட் திறனுள்ள ஒரு கருவியை 446-ல் வைத்துப் பேசினால் அது 'லைசன்ஸ் வேண்டாத வாக்கி-டாக்கி' ஆகிவிடாது. விலக்கு கிடைப்பதற்குக் கருவியும் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும்.

விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதுதான் பிரச்சினை. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாக்கி-டாக்கிகளை முறையான தகவல் இல்லாமல் பட்டியலிட்டதற்காக ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு 13 நோட்டீஸ்களை அனுப்பியது. எந்த அலைவரிசையில் வேலை செய்யும், லைசன்ஸ் வேண்டுமா, வேண்டாமா என்ற அடிப்படை விவரம்கூட இல்லை என்பதே குற்றச்சாட்டு. அதே மாதத்தில் இந்த விற்பனைக்கான வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன.

சரி, பெரிய அலைவரிசைகளில், சட்டப்படி, சொந்த ஆர்வத்துக்காகப் பேச வழியே இல்லையா? இருக்கிறது. அதற்குப் பெயர்தான் அமெச்சூர் ரேடியோ. நமக்குப் பழக்கமான பெயர், ஹாம் ரேடியோ.

ஹாம் ரேடியோ என்பது என்ன?

சம்பளத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ இல்லாமல், கற்றுக்கொள்ளவும் சோதித்துப் பார்க்கவும் உலகம் முழுக்க உள்ள மற்ற ஆர்வலர்களுடன் பேசவும் ரேடியோவைப் பயன்படுத்துவது. இதற்கென்று சர்வதேச அளவில் தனி அலைவரிசைப் பட்டைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பரீட்சை எழுதி, லைசன்ஸ் வாங்கி, உங்களுக்கு மட்டுமே உரிய ஓர் அழைப்புக் குறியீட்டுடன் பேச வேண்டும். அந்தக் குறியீடுதான் கால்சைன். இந்தியாவின் ஹாம் கால்சைன்கள் பெரும்பாலும் 'வி.யூ.' என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஒரு ஹாம். அவருடைய கால்சைன் வி.யூ.2ஆர்.ஜி.

மற்ற வயர்லெஸ் சேவைகளில் அரசு ஒரு சேனலை ஒதுக்கி, 'இதில் மட்டும் பேசு' என்று சொல்லும். கருவியும் அதற்கென்றே அங்கீகரிக்கப்பட்டதாக இருக்கும். ஹாமுக்கோ ஒரு முழுப் பட்டையே திறந்திருக்கும். அதற்குள் எங்கே பேசுவது, எந்த ஆன்டெனா கட்டுவது, கருவியைத் தானே செய்வதா என்பதெல்லாம் அவர் முடிவு. இவ்வளவு சுதந்திரத்தைக் கையில் கொடுப்பதால்தான், அதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைக்கிறார்கள்.

இந்தியாவில் எத்தனை வகை லைசன்ஸ்?

இந்தியாவில் இதற்கான அடிப்படை, 1978-ல் வந்த இந்திய வயர்லெஸ் டெலிகிராப் அமெச்சூர் சேவை விதிகள். ஆரம்பத்தில் அட்வான்ஸ்ட், கிரேடு 1, கிரேடு 2 என்று பல படிகள் இருந்தன. பின்னால் வந்த திருத்தங்களில், முக்கியமாக 2009-ல், இவை ரெண்டாகச் சுருங்கின.

ஒன்று, ரெஸ்டிரிக்டட் கிரேடு. புதிதாக வருபவர்களுக்கான வாசல் இது. அடிப்படை மின்னணுவியல், ரேடியோ எப்படி வேலை செய்கிறது, விதிகள் என்ன என்ற அளவில் பரீட்சை. மோர்ஸ் குறியீடு தேவையில்லை. கால்சைன் வி.யூ.3 என்று தொடங்கும். ஷார்ட்வேவ் பட்டைகளில் அதிகபட்சம் 50 வாட் திறன்.

இன்னொன்று, ஜெனரல் கிரேடு. அதே பாடங்கள், கொஞ்சம் ஆழமாக. கூடவே மோர்ஸ் தேர்வும் உண்டு. நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வேண்டும், கேட்டு எழுதவும் வேண்டும். கால்சைன் வி.யூ.2 என்று தொடங்கும். ஷார்ட்வேவில் 400 வாட் வரை போகலாம்.

12 வயது நிரம்பினால் பரீட்சை எழுதலாம். லைசன்ஸை 20 வருடத்துக்கு வாங்கலாம், அல்லது ஆயுள் முழுக்க வாங்கலாம். 2009 திருத்தத்தில் வைத்த கட்டணம், முதலாவதுக்கு 1,000 ரூபாய், ரெண்டாவதுக்கு 2,000 ரூபாய். வழங்குவது, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வரும் வயர்லெஸ் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு.

ஒரு நடுத்தர ஸ்மார்ட்போனின் ஒரு மாதத் தவணையில், வாழ்நாள் முழுக்கச் செல்லும் லைசன்ஸ் கிடைக்கிறது. இது பணக்காரப் பொழுதுபோக்கு என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதைக் கைவிடலாம்.

எந்தப் பட்டையில் பேசலாம்?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 'ரெஸ்டிரிக்டட்' என்ற பெயரைப் பார்த்து, பக்கத்துத் தெருவோடு மட்டும்தான் பேச முடியும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வி.யூ.3 வைத்திருப்பவருக்கும் ஷார்ட்வேவ் பட்டைகள் உண்டு. முக்கியமான சிலவற்றைப் பார்ப்போம்.

7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ்: 40 மீட்டர் பட்டை. பகலில் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவு, இரவில் அதைவிட நெடுந்தூரம். நம் ஊர் ஹாம்கள் காலையில் கூடும் திண்ணை என்றே சொல்லலாம்.

14.000 முதல் 14.350 மெகாஹெர்ட்ஸ்: 20 மீட்டர் பட்டை. கண்டம் விட்டுக் கண்டம் பேசுவதற்குப் பெயர் போனது.

21.000 முதல் 21.450 மெகாஹெர்ட்ஸ், 28.000 முதல் 29.700 மெகாஹெர்ட்ஸ்: 15 மீட்டர், 10 மீட்டர் பட்டைகள். சூரியனின் செயல்பாடு அதிகமாக இருக்கும் வருடங்களில் இவை விழித்துக்கொள்ளும். அப்போது மிகக் குறைந்த திறனிலேயே உலகைச் சுற்றலாம்.

144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ்: 2 மீட்டர் பட்டை. கையடக்கக் கருவிகளின் வீடு. நகரத்துக்குள் பேச, மலை உச்சியில் இருக்கும் ரிப்பீட்டர் வழியாகப் பக்கத்து மாவட்டத்துடன் பேச.

434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ்: 70 சென்டிமீட்டர் பட்டை. இதுவும் உள்ளூர்ப் பேச்சுக்கும் செயற்கைக்கோள் தொடர்புக்கும்.

இந்த எண்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 2 மீட்டர் பட்டை 148 வரை போகிறது. நமக்கு 146-லேயே எல்லைக்கோடு. அங்கே 40 மீட்டர் பட்டை 7.300 வரை, நமக்கு 7.200 வரை. அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த கருவி 147-ல் தாராளமாகப் பேசும். ஆனால், இங்கே உங்கள் லைசன்ஸ் அங்கே பேச அனுமதிக்காது. 'கருவியில் இருக்கு, அதனால் பேசலாம்' என்ற தப்பு, லைசன்ஸ் வாங்கியவர்களுக்கும் நடக்கக் கூடியதுதான்.

ஏன் இத்தனை பட்டைகள்? ஒன்று போதாதா?

போதாது. ஒவ்வொரு அலைவரிசையும் வேறு மாதிரி பயணிக்கிறது.

முதலில் ஒரு எளிய கணக்கு. 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 300-ஐ 145-ஆல் வகுத்தால் சுமார் 2. அதனால்தான் அது 2 மீட்டர் பட்டை. 300-ஐ 7.1-ஆல் வகுத்தால் சுமார் 42. அதை 40 மீட்டர் பட்டை என்கிறார்கள். எளிமையான டைபோல் ஆன்டெனா அலைநீளத்தில் பாதி இருக்க வேண்டும். அதாவது 40 மீட்டர் பட்டைக்கு மொட்டை மாடியில் ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி வேண்டும். 2 மீட்டர் பட்டைக்குக் கையில் அடங்கும் குச்சி போதும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

அடுத்தது தூரம். 144 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். நடுவில் மலை இருந்தால், பூமியின் வளைவு வந்தால், அவ்வளவுதான். ஷார்ட்வேவ் அலை அப்படி இல்லை. அது மேலே போய், பல நூறு கிலோமீட்டர் வரை விரிந்திருக்கும் அயனி மண்டலத்தில் வளைந்து, வேறொரு ஊரில் இறங்கும். நடுவில் டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம், சர்வர் வேண்டாம். சென்னையில் ஒருவர், நாகப்பட்டினத்தில் ஒருவர், ரெண்டு பேரிடமும் ஒரு கார் பேட்டரியும் கொஞ்சம் கம்பியும் இருந்தால் 7 மெகாஹெர்ட்ஸில் பேசிவிடலாம்.

50 வாட், 400 வாட்: பெரிய வித்தியாசமா?

கேட்டால் எட்டு மடங்கு. காதில் விழும்போது அவ்வளவு இல்லை. ரேடியோ உலகில் சிக்னலின் வலிமையை டெசிபலில் அளப்பார்கள். எட்டு மடங்கு திறன் என்பது 9 டெசிபல் கூடுதல். ரிசீவரில் உள்ள எஸ்-மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். ஆக, 50 வாட்டிலிருந்து 400 வாட்டுக்குப் போனால் எதிர்முனையில் முள் ஒன்றரைப் படி ஏறும். சத்தமும் கூட்டமும் அதிகமான நேரத்தில் அந்த ஒன்றரைப் படி கைகொடுக்கும். ஆனால், அமைதியான காலையில் 50 வாட்டில் பேசுபவரும் பேசத்தான் செய்வார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 400 வாட் கருவிக்குள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கலாம். ஆன்டெனா பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. அடுத்த வீட்டு டிவிக்கும் தொல்லை. எனவே அதிகத் திறனுக்கு அதிக அறிவைக் கேட்பது நியாயம்தான். படிநிலை என்ற யோசனையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. எந்தப் படியில் என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் கேள்வி.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் மூன்று படிகள்: டெக்னீஷியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா. முதல் ரெண்டுக்கும் தலா 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் பாஸ். எக்ஸ்ட்ராவுக்கு 50 கேள்விகள், 37 சரியாக வேண்டும். கேள்வித் தொகுப்பு முழுவதும் முன்கூட்டியே பொதுவில் கிடைக்கும்.

அங்கே படிநிலையைப் பிரிக்கும் விதமே வேறு. நம் ஊரில் முக்கியமான வேறுபாடு திறன். அமெரிக்காவில் அது அலைவரிசைத் துண்டுகள். 20 மீட்டர் பட்டையில் டெக்னீஷியனுக்கு அனுமதியே கிடையாது. ஜெனரல் வைத்திருப்பவர் குரலில் பேச 14.225-லிருந்துதான் தொடங்க முடியும். 14.150 முதல் 14.175 வரை எக்ஸ்ட்ராவுக்கு மட்டும். மேலும் படித்தால் மேலும் இடம் என்ற இந்த ஊக்கத் திட்டம் 1968-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஏற்கெனவே அந்த இடங்களில் பேசிக்கொண்டிருந்த பலருக்கு அது இழப்பாகவே பட்டது. பல ஆண்டுகள் நீடித்த கசப்பு அது.

பிரிட்டன் நம்மைப் போலவே திறனை வைத்துப் பிரிக்கிறது. ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபுல் என்று மூன்று படிகள். 2024-ல் அங்கே விதிகளைத் தளர்த்தி, ஃபவுண்டேஷனுக்கான வரம்பை 10 வாட்டிலிருந்து 25 வாட்டாகவும், ஃபுல் லைசன்ஸுக்கு 400-லிருந்து 1,000 வாட்டாகவும் உயர்த்தினார்கள்.

ஒப்பிட்டுப் பார்த்தால் நம் தொடக்க நிலை லைசன்ஸ் தாராளமானது. முதல் பரீட்சையிலேயே 14 மெகாஹெர்ட்ஸில் 50 வாட். அமெரிக்கத் தொடக்க நிலை ஹாமுக்கு அந்தப் பட்டையில் ஒரு வாட்கூடக் கிடையாது. நம் சிக்கல் ரெண்டாவது படியில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

என்னவெல்லாம் பேசக் கூடாது?

ஹாம் லைசன்ஸ் ஒரு இலவச போன் இணைப்பு இல்லை. வியாபாரம் பேசக் கூடாது. விளம்பரம் கூடாது. பாட்டு போடக் கூடாது. ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதே இந்தச் சேவையின் அடிப்படை. பேச்சின்போது கால்சைனைச் சொல்ல வேண்டும். யாரோடு, எப்போது, எந்த அலைவரிசையில் பேசினீர்கள் என்று குறிப்பேடு வைக்க வேண்டும்.

டெலிவரி நிறுவனமோ, மீன்பிடித் தொழிலோ, கட்டுமான வேலையோ நடத்துபவர்கள் ஹாம் லைசன்ஸை வைத்துத் தொழில் பேச முடியாது. அதற்குத் தனி லைசன்ஸ்கள் உண்டு. கடலுக்குப் போகும் படகுக்கு வேண்டியது மரைன் வி.எச்.எஃப். கருவி; ஹாம் செட் இல்லை. 'ஒரு லைசன்ஸ் எல்லாத்துக்கும் ஆகும்' என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப் காலத்தில் இது எதற்கு?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து உலக ஹாம்களுடன் பேச வேண்டும் என்ற பொழுதுபோக்குப் பயணம்தான். டிசம்பர் 26 காலை சுனாமி. தீவுகளின் தொடர்புகள் அறுந்தன. அதுவரை வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்த அதே கருவிகள், அதே ஆன்டெனாக்கள், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மெயின்லேண்டில் தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்குத் தகவல் சொல்லும் வழியாக மாறின. இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டையிலும் அந்த நாட்டு ஹாம்கள் ஷார்ட்வேவ் கருவிகளை நிறுவித் தகவல்களைக் கடத்தினார்கள். 1999 ஒடிசா சூப்பர் புயல், 2001 குஜராத் பூகம்பம் என்று பட்டியல் நீளும்.

ஆபத்து வந்த அன்றைக்கு யாரும் ஹாம் ஆக முடியாது. எந்த நேரத்தில் எந்தப் பட்டை எவ்வளவு தூரம் போகும், பத்துப் பேர் ஒரே அலைவரிசையில் இருக்கும்போது எப்படி வரிசையாகப் பேசுவது, ஒரு பெயரைத் தப்பில்லாமல் எப்படி எழுத்துக் கூட்டிச் சொல்வது என்பதெல்லாம் வருடக் கணக்கில் வேடிக்கையாகப் பேசிப் பழகிய பழக்கம். அந்தப் பழக்கத்தை நாடு சம்பளம் கொடுத்து வாங்கவில்லை. லைசன்ஸ் கொடுத்து வளர்த்துவைத்திருக்கிறது.

விண்வெளியும் இதில் உண்டு. 2005 மே 5-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 உடன் கிளம்பிய 'ஹாம்சாட்', ஹாம்களுக்காகவே இஸ்ரோ செய்த செயற்கைக்கோள். 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்டு, 145 பக்கம் திருப்பிச் சொன்னது. 2014 வரை உழைத்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் குரல் இன்றைக்கும் 145.800 மெகாஹெர்ட்ஸில் இறங்குகிறது. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து இந்திய மாணவர்களுடன் பேசியது ஹாம் ரேடியோவில்தான்.

என்ன மாற வேண்டும்?

1885-ம் ஆண்டு தந்திச் சட்டத்தையும் 1933-ம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தையும் மாற்றி எழுத, 2023-ல் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. பழைய சட்டங்களின் நிழலில் வளர்ந்த விதிகளை எல்லாம் புதிய சட்டத்துக்கு ஏற்ப அமைக்கும் காலம் இது. ஹாம் விதிகளையும் சேர்த்து யோசிக்க இதைவிடச் சரியான நேரம் இருக்காது. மூன்று விஷயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, மோர்ஸ். நிமிடத்துக்கு 8 சொல் என்றால் 40 எழுத்து, ஒன்றரை நொடிக்கு ஓர் எழுத்து. முடியாத வேகம் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் பழக வேண்டும். 2003-ல் ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாடு, ஷார்ட்வேவில் பேச மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச நிபந்தனையை நீக்கி, முடிவை நாடுகளிடம் விட்டது. பிரிட்டன் அந்த வருடமே கைவிட்டது. அமெரிக்கா 2007 பிப்ரவரியில் கைவிட்டது. நாம் முதல் படியில் நீக்கினோம், ரெண்டாவது படியில் வைத்துக்கொண்டோம்.

மூத்த ஹாம்கள் இதற்குச் சொல்லும் காரணங்கள் லேசானவை அல்ல. குரல் பேச்சு எடுத்துக்கொள்ளும் இடத்தில் சிறு துளிதான் மோர்ஸுக்கு வேண்டும். இரைச்சலுக்கு நடுவே குரல் மூழ்கிப்போகும் இடத்திலும் அந்த 'டிட்-டா' கேட்கும். கருவியும் எளிமையானது. எல்லாம் உண்மை. மோர்ஸ் கற்றுக்கொள்ள வேண்டிய கலைதான். ஆனால், 400 வாட்டைப் பாதுகாப்பாகக் கையாள ஒருவருக்குத் தெரிய வேண்டியது மின்னழுத்தமும் எர்த்திங்கும் குறுக்கீட்டைக் குறைப்பதும். காது வேகம் இதற்கு அளவுகோல் ஆகாது. மோர்ஸை விருப்பத் தேர்வாக வையுங்கள், தேறியவர்களுக்குச் சான்றிதழில் தனிக் குறிப்பு கொடுங்கள். ஜெனரல் கிரேடின் கதவில் பூட்டாகத் தொங்கவிட வேண்டாம்.

ரெண்டாவது, காத்திருப்பு. பரீட்சையில் பாஸ் ஆன பிறகு காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்து லைசன்ஸ் கைக்கு வர மாதங்கள் ஆகின்றன என்பது ஹாம்கள் பலரும் சொல்லும் குறை. கல்லூரியில் கூடப் படித்த ஒரு நண்பன் இரண்டாம் ஆண்டில் பரீட்சை எழுதினான். லைசன்ஸ் வந்தபோது எங்களுக்கு ஃபேர்வெல் முடிந்திருந்தது. அவன் அதற்குள் வேலைக்காக வேறு ஊர் போய்விட்டான்; இன்றுவரை அந்தக் கால்சைனில் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சரிபார்ப்பு தேவை, அதில் விவாதம் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு இருப்பது போல இதற்கும் ஒரு கால வரம்பும், விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியும் வேண்டும். சட்ட வழி பல மாதம், ஆன்லைன் டெலிவரி ஒரே நாள் என்றால், இருபது வயசுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, தூரம். பரீட்சை மாவட்டங்களுக்குப் போக வேண்டும். புயலும் வெள்ளமும் முதலில் தொடுவது கடலூரையும் நாகையையும் ராமநாதபுரத்தையும்தான். அங்கே இருக்கும் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளிலேயே வருடத்துக்கு ரெண்டு முறை பரீட்சை நடத்தினால், ஒவ்வொரு கடற்கரை மாவட்டத்திலும் பழகிய கைகள் சில இருக்கும். டவர் விழுந்த இரவில் சென்னையிலிருந்து ஆள் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

நீங்க என்ன செய்யலாம்?

ஆர்வம் இருந்தால், கருவியை வாங்காதீர்கள். வரிசை முக்கியம்: முதலில் பரீட்சை, அடுத்தது லைசன்ஸ், அப்புறம் கருவி. பள்ளி இயற்பியலில் ஓம் விதி, மின்தேக்கி, அலைநீளம் எல்லாம் நினைவிருந்தால் ரெஸ்டிரிக்டட் பரீட்சைக்குச் சில வாரத் தயாரிப்பு போதும். உங்கள் ஊரில் ஹாம் கிளப் இருந்தால் போய்ப் பாருங்கள். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இந்த வட்டத்தில் பழைய வழக்கம். விதிகள் மாறிக்கொண்டிருக்கும் நேரம் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் தொலைத்தொடர்புத் துறையின் இணையதளத்தில் கட்டணம், பாடத்திட்டம், அலைவரிசைப் பட்டியல் மூன்றையும் சரிபாருங்கள்.

ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறீர்களா? விளையாட்டுக்குக்கூட அந்தப் பட்டனை அமுக்காதீர்கள். ட்ரெக்கிங்குக்கு மட்டும்தான் தேவை என்றால் 446 பட்டைக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட, லைசன்ஸ் விலக்குள்ள கருவி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் நண்பன் இப்போது பரீட்சைக்குப் படிக்கிறான். அந்த ரெண்டு கருவிகளும் பேட்டரி கழற்றி அலமாரியில் இருக்கின்றன. அடுத்த முறை அதே சாவடியில் அந்த அண்ணன் "லைசன்ஸ் இருக்கா?" என்று கேட்டால், ஒரு கால்சைன் சொல்ல வேண்டும் என்பது அவன் திட்டம். பாஸ் ஆவது அவன் கையில் இருக்கிறது. அந்தக் கால்சைன் அடுத்த டிசம்பருக்குள் வந்து சேருமா என்பது துறையின் கையில்.